நடுநிலை வகுப்பு அறிவியல்: டீச்சரின் பதில்கள்

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், புதிதாகப் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியர் ஆகியோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவனின் அம்மா): என் மகன் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் திருதிருவென விழிக்கிறான். வீட்டில் நான் என்ன செய்யலாம், டீச்சர்?

பதில்: கோடைக்காலம் ஏன் வருகிறது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள், அம்மா. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது என்பான். 'சாய்ந்திருந்தால் ஏன் வெப்பம் கூட வேண்டும்?' என்று விடாமல் கேளுங்கள். 'அப்போது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது' என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். அது அவர்களே வெகுநாளாக மனத்தில் வைத்திருக்கும் விளக்கம். பாடப்புத்தக வரி அதன்மேல் ஒட்டிக்கொண்டதே தவிர, அதை அசைக்கவில்லை.

உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். ஜூலைத் தொடக்கத்தில்தான் 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகிப் போகிறது. ஆனால் வட அரைக்கோளத்தில் ஜனவரி குளிர்காலம்! இந்த முரண்பாடு மனத்தில் உறுத்திய பிறகு, ஒரு கைவிளக்கை எடுத்துச் சுவரில் நேராகவும் சாய்வாகவும் ஒளியை அடித்துக் காட்டுங்கள். சாய்வாக விழும் ஒளி அதிகப் பரப்பில் பரவி மங்குவதை அவனே பார்த்துச் சொல்வான். சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும் அரைக்கோளத்தில் ஒளி அவ்வளவு சாய்வாக விழுவதில்லை, அதனால்தான் அங்கே கோடை.

எல்லாப் பாடத்துக்கும் இதே வழிதான். பாடத்தைப் படிக்கும் முன்பே, தான் என்ன நினைக்கிறான் என்பதை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அந்த வரிகளுக்கே திரும்பி, எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று எழுதட்டும். ஒப்பிப்பதைவிட இது மெதுவாக நடக்கும், ஆனால் நிலைக்கும்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): ஆண்டின் தொடக்கத்திலேயே திட்டம் போட்டுப் படிக்க விரும்புகிறேன். பாடங்களை மாதவாரியாகச் சமமாகப் பிரித்துக்கொண்டால் போதுமா?

பதில்: சமமாகப் பிரிக்காதே, அம்மா. பாடங்கள் சம எடை கொண்டவை அல்ல. பொருள்கள் துகள்களால் ஆனவை என்ற கருத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் உருகுதல், ஆவியாதல், கரைதல், வெப்பம் பரவுதல், வாயு அழுத்தம் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அதற்கும் விசை, அடர்த்தி, மின்சுற்று ஆகியவற்றுக்கும் தாராளமாக நாள் ஒதுக்கு. வகைப்பாடு போன்ற பாடங்களைக் குறைந்த நேரத்தில் முடிக்கலாம்.

இன்னொன்று, ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதில் பயன் குறைவு. கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதைத் தன்மீதே சோதித்துப் பார்த்த ஜெர்மானிய உளவியலாளர் எப்பிங்ஹாஸ் 1885-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே நினைவில் தங்குகிறது. வகுப்பு நடந்த அன்று மாலை புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருப்பதை ஒரு தாளில் எழுது. விடுபட்டதைப் பிறகு பார்த்து நிரப்பு. இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போதும். மீண்டும் மீண்டும் வாசித்தால் தெரிந்தது போலத் தோன்றும். மூடிவைத்து எழுதினால்தான் தெரியுமா என்பது தெரியும்.

கேள்வி (புதிய ஆசிரியர்): செய்முறை வகுப்பில் பிள்ளைகள் உற்சாகமாக இருக்கிறார்கள். மறுநாள் கேட்டால் எதுவும் நினைவில் இல்லை. எங்கே தவறுகிறது?

பதில்: கணிப்பு எழுதாமல் கருவியைத் தொட விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், சார். ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான குண்டைக் கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா என்று முதலில் ஒவ்வொருவரும் எழுதட்டும். பலர் 'வேகமாக' என்றே எழுதுவார்கள். பிறகு நூலின் நீளத்தை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றி, சிறிய கோணத்தில் ஆடவிட்டு, பத்து அலைவுகளுக்கான நேரத்தை அளக்கட்டும். நேரம் மாறாது. அடுத்து குண்டை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 25 சென்டிமீட்டரில் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 1 வினாடி, 100 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 2 வினாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான்!

100 சென்டிமீட்டர் நீளத்தில் பத்து அலைவுகளுக்கு ஒரு குழுவுக்கு 20 வினாடியும் இன்னொரு குழுவுக்கு 18 வினாடியும் வரும். அந்த இடத்தில் அவசரப்பட்டுச் சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்த வகுப்பின் மிகச் சிறந்த நிமிடங்கள் அவைதாம். எங்கே வேறுபட்டது என்று இரு குழுவும் ஒருவர் மற்றவரின் முன்னிலையில் செய்து காட்டட்டும். குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியவன் ஒன்பது அலைவுகளைத்தான் அளந்திருப்பான். 'பூச்சியம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் முடிச்சு வரை மட்டும் அளந்தவர்களும் இருப்பார்கள். ஏன் பத்து அலைவுகள், ஒன்று போதாதா என்ற கேள்வியும் அங்கேதான் எழும். கை தாமதிக்கும் நேரம் பத்தாகப் பகிரப்படுகிறது என்பதை அப்போது சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவன்): அலகு எழுதாததால் மதிப்பெண் போகிறது. வெறும் எண் சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது, தம்பி. விடையில் மட்டுமல்ல, ஒவ்வொரு வரியிலும் அலகை எழுது. நிறை 54 கிராம், கன அளவு 20 கன சென்டிமீட்டர் என்றால் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். எதை எதால் வகுப்பது என்று மறந்துபோனாலும் அலகே சொல்லிவிடும். அந்த 2.7 அலுமினியத்தின் அடர்த்தி என்பதும் பிடிபடும்.

கேள்வி (ஒரு தந்தை): அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்து தரச் சொல்கிறாள் மகள். செய்து கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. அதில் கேள்வி எதுவும் இல்லை, அளப்பதற்கும் ஒன்றும் இல்லை. விதை முளைக்க ஒளி தேவையா என்பது எளிய, நல்ல கேள்வி. ஆனால் இரண்டு விதைகளை வைத்துச் செய்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. இருட்டில் முப்பது, வெளிச்சத்தில் முப்பது வைக்கட்டும். நீரும் வெப்பமும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒருமுறை கெட்டுப்போனால் மறுபடி செய்ய நாள் வேண்டும் என்பதால் முன்கூட்டியே தொடங்கச் சொல்லுங்கள். எண்ணுவதும் எழுதுவதும் அவள் வேலை.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன்): ஒளிச்சேர்க்கைச் சமன்பாடு மனப்பாடமாகத் தெரியும். 'மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்விக்கு 'மண்ணிலிருந்து' என்று எழுதினேன். அதற்கு மதிப்பெண் இல்லை. ஏன்?

பதில்: வான் ஹெல்மான்ட் என்ற பழைய கால விஞ்ஞானி ஒரு வில்லோ மரக் கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் எழுபது கிலோவுக்கு மேல் கூடியது. உலர்ந்த மண்ணில் குறைந்ததோ அறுபது கிராம்கூட இல்லை. எல்லாம் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். 1648-இல் அது வெளியானது. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது.

நீ மனப்பாடம் செய்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது, தம்பி. இடப்பக்கம் இருப்பவை எங்கிருந்து வந்தன, வலப்பக்கம் இருப்பவை எங்கே போகின்றன என்று அதை ஒரு வாக்கியமாக வாசித்துப் பார். பிறகு சுவாசச் சமன்பாட்டையும் அதேபோல வாசித்து, உடல் மெலிந்தவரின் கொழுப்பு எந்த வழியாக வெளியேறியிருக்கும் என்று எழுதிப் பார்.