விதைத்த வயலில் ட்ரையாப்ஸ்: மருந்து வேண்டாம், தண்ணீரை வடியுங்கள்

கேள்வி: ஐயா, எனக்குக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு வயல். ஒன்றில் உழவுக்குத் தண்ணீர் கட்டிப் பத்து நாள் கழித்து, முளைகட்டிய நெல் விதையை டிரம் சீடரால் (உருளை விதைப்புக் கருவி) விதைத்தேன். மறுநாள் பெய்த மழையில் தண்ணீர் தேங்கிவிட்டது. இப்போது தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, இளம்பயிர் வேரோடு மிதக்கிறது. முதுகில் ஓடு போர்த்திய, பின்னால் இரண்டு வால் உள்ள பூச்சிகள் கூட்டமாக நீந்துகின்றன. பக்கத்தில் உள்ள நடவு வயலிலும் இதே பூச்சி இருக்கிறது, ஆனால் அங்கே பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– ஒரு விவசாயி, சிவகங்கை மாவட்டம்

பதில்: மருந்து வேண்டாம். விதைத்த வயலில் இன்றே மடையை வெட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள். நடவு வயலில் எதுவும் செய்ய வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ட்ரையாப்ஸ். தலைப்பிரட்டை இறால் என்றும் சொல்வார்கள். பூச்சி இனம் இல்லை. இறால், நண்டுக்குத் தூரத்து உறவு. ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்: ஓட்டின் முன்பக்கம் இரண்டு பெரிய கண்களும் நடுவில் சிறிய கண் ஒன்றும் தெரியும். இந்தியச் சமவெளிக் குட்டைகளில் காணப்படுவது ட்ரையாப்ஸ் கிரானேரியஸ் என்ற இனம். இதன் முன்னோர் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவங்களிலேயே கிட்டத்தட்ட இதே உருவத்தில் இருக்கின்றன.

இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். உங்கள் மண்ணிலேயே முட்டையாக இருந்தது. வயல் காய்ந்தால் இறால் செத்துவிடும், முட்டை சாகாது. பல வருடம் காத்திருக்கும். சூடான் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த முட்டைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 1968-இல் வெளிவந்தது. காய்ந்த நிலையில் அந்த முட்டைகள் கொதிநிலையை ஒட்டிய சூட்டையும் தாங்கின. அதனால் கோடை உழவு போட்டு இதை ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் பட்டாலும் எல்லா முட்டையும் ஒரே தடவையில் பொரிக்காது, ஒரு பங்கு அடுத்த மழைக்கென்று மிஞ்சும்.

தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் குஞ்சு பொரித்து, இரண்டு வாரத்துக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். பத்து நாள் இடைவெளி விட்டதுதான் உங்களுக்குப் பாதகமாகிவிட்டது. விதை விழுந்தபோது இறால் வளர்ந்து தயாராக இருந்திருக்கிறது. இரை தேடவும் முட்டையிடவும் அது சேற்றைக் கிளறும்போது, பிடிமானம் இல்லாத முளை பெயர்ந்து மிதக்கிறது. இளவேரையும் முளைக்குருத்தையும் கடிக்கவும் செய்யும். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் இறங்காததால், மிச்சம் நிற்கும் பயிரும் வெளிறி மெலியும்.

நடவு வயலுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? நாற்றின் வேர் இறாலின் கால்களுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது, இலையும் தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அங்கே இதன் கிளறலில் சிக்குவது அப்போதுதான் முளைக்கும் களைதான். ஜப்பானில் நடவு வயல்களில் களையைக் கட்டுப்படுத்த இதைப் பயன்படுத்தலாமா என்று 1970-களிலேயே ஆராய்ந்து, பலன் உண்டு என்று கண்டார்கள். அதே பிராணி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெரிய தொல்லை. அங்கே தேங்கிய தண்ணீரில் நேரடியாக நெல் விதைக்கிறார்கள். உங்கள் இரண்டு வயலும் இந்த இரண்டு நாடுகளின் அனுபவத்தை ஒரே வரப்பின் இருபுறமும் காட்டுகின்றன. அதனால்தான் உங்கள் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று மட்டும்: கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையை இது அசைக்காது, அதற்குக் கைக்களைதான்.

மருந்து ஏன் வேண்டாம் என்பதற்கும் கலிபோர்னியா அனுபவமே சான்று. அங்கே நெடுங்காலமாக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டு வந்தார்கள். வைக்கோல் மட்கிய வயலில் அது அங்ககப் பொருளோடு பிணைந்து வீரியம் குறைந்துவிடுகிறது. பிறகு பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகள் வந்தன, அவற்றையும் தாங்கும் இறால்கள் இப்போது அங்கே உண்டு. மண்ணில் உள்ள முட்டையையோ மருந்து தொடுவதில்லை. உங்கள் வடிகால் தண்ணீர் கண்மாய்க்கோ குட்டைக்கோ போனால் மீன்தான் சாகும். அதோடு, ட்ரையாப்ஸ் கொசுப்புழுவைத் தின்னும். இதற்காகவே 1990-களில் கலிபோர்னியாவில் இதைத் தண்ணீரில் விட்டுச் சோதித்தார்கள்.

இனி செய்ய வேண்டியது. தண்ணீரை முழுதாக வடித்து, பள்ளங்களில் தேங்குவதையும் சிறு வாய்க்கால் கீறி இறக்கிவிடுங்கள். இறால் செவுளால் மூச்சு விடுவது, தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காது. கொக்கும் வந்து பொறுக்கும். சேறு லேசாக வெடிக்கத் தொடங்கும்வரை விட்டால் பயிர் வேர் பிடித்துக்கொள்ளும். அதற்குள் களை முளைக்கும், அதைக் கவனியுங்கள். பிறகு பயிர் உயரத்துக்கு ஏற்ப மெல்லிசாகத் தண்ணீர் கட்டுங்கள். இலை தண்ணீருக்கு மேல் வந்து வேரும் ஊன்றிவிட்டால் இறாலுக்குப் பயப்பட வேண்டாம். முட்டையிடும் முன் வடித்தால் அடுத்த போகத்துக்கு மண்ணில் சேரும் முட்டையும் குறையும்.

அடுத்த முறை நிலத்தை நன்றாகச் சமன் செய்து, தண்ணீர் கட்டுவதற்கும் விதைப்புக்கும் இடையில் நாளைக் கடத்தாதீர்கள். அதே தண்ணீரில் மல்லாந்து நீந்தும் மெலிந்த தேவதை இறாலும் இருக்கலாம். இதன் உறவுதான், ஆனால் தண்ணீரை வடிகட்டித் தின்பது. பயிரைத் தொடாது, விட்டுவிடுங்கள்.

சொட்டை விழுந்த இடங்களுக்கு மறுபடி விதை வாங்க வேண்டாம். விதைத்த இரண்டு, மூன்று வாரத்தில், நெருக்கமாக உள்ள இடத்தில் பயிரைக் கலைத்து எடுத்து அங்கே நட்டு நிரப்புங்கள்.