ஏசி ஹால் டிபனும் சேவைக் கட்டணமும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலை ஆச்சி, பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேரும் வண்ணார்பேட்டையில் ஓர் ஓட்டலுக்கு டிபன் சாப்பிடப் போனோம். கீழே இடமில்லை என்று மாடியில் ஏசி ஹாலுக்கு அனுப்பினார்கள். இட்லி, வடை, பூரி, காபி எல்லாம் 800 ரூபாய். 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் இரண்டுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் சேவைக் கட்டணம் 5 சதவீதம், ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 948 ரூபாய். கேட்டால், "ஏசி ஹால்ல அப்படித்தான் சார்" என்றார்கள். எது சரி, எது தப்பு?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: முதலில் சேவைக் கட்டணம். அது அரசாங்கத்துக்குப் போகும் வரி இல்லை, ஓட்டலே போட்டுக்கொள்ளும் தொகை. ஓட்டல்கள் இதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன, அது தனிக் கதை. ஏசி ஹாலுக்கு என்று இதில் விதிவிலக்கு கிடையாது.

உங்கள் பில்லையே பாருங்கள். 860 ரூபாய்க்குச் சேவைக் கட்டணம் 43. அந்த 43-க்கும் சேர்த்துத்தான் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் 903 ரூபாயோடு முடிந்திருக்கும். சர்வர் ஆச்சிக்குப் பொறுமையாகப் பரிமாறினார் என்றால் அவர் கையில் டிப்ஸ் கொடுங்கள். கல்லாவில் கட்டும் சேவைக் கட்டணம் அவருக்குப் போய்ச் சேருகிறதா என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

ஜிஎஸ்டி 5 சதவீதம் சரிதான். ஏசிக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்ததெல்லாம் 2017 நவம்பர் 15-க்கு முந்தைய கதை. இப்போது சாதாரண ஓட்டலில் மாடியோ கீழேயோ ஒரே 5 தான். ஏசி ஹாலில் இட்லிக்கே கூடுதல் விலை வைக்கலாம். ஆனால் அது விலைப்பட்டியலில் இருக்க வேண்டும், உட்காரும்போதே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில்தான் உங்களுக்குப் பிடிக்காத பதில். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது கொடுக்கும் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேஜை, பரிமாறல் எல்லாம் சேர்ந்த சேவை, வெறும் பாட்டில் விற்பனை இல்லை என்பது காரணம். அதே பாட்டிலைக் கல்லாவில் வாங்கிக் கையோடு எடுத்துப் போகிறீர்கள் என்றால் சேவை எதுவும் இல்லை, அச்சிட்ட விலைதான். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு 30 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்குவானேன்? சர்வர் பாட்டிலோடு வந்து நிற்கும்போதே "டம்ளர்ல தண்ணி போதும்" என்று சொல்லிவிடுங்கள். மூடியைத் திறந்தபின் பேசிப் பயனில்லை.

அடுத்த முறை கல்லாவில் பணம் கொடுக்குமுன், "சேவைக் கட்டணத்தை எடுத்துட்டு வேற பில் கொடுங்க" என்று சத்தம் போடாமல் கேளுங்கள். மறுத்தால் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டியதற்கும் சொல்லலாம், பில் இருந்தால். 45 ரூபாய்க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவது உங்கள் இஷ்டம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை என்றாலும், நான் உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன ஓட்டலில் கையால் எழுதிய பில்லில் "டேக்ஸ் 5%" போட்டார்கள். ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை. கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எண் இல்லாதவர் வரி வாங்க முடியாது. தமிழ்நாட்டில் பதிவுசெய்த கடையின் எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து. எண் இருந்தாலும் இன்னொரு விஷயம் உண்டு. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள ஓட்டல்கள் 'காம்போசிஷன்' திட்டத்தில் சேரலாம். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், நம்மிடம் தனியாக வாங்கக் கூடாது. காம்போசிஷன் என்று கடையில் போர்டும் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் என்றால் ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள், எந்த வகை என்று காட்டும்.

கேள்வி: குற்றாலம் போகும் வழியில் வாங்கிய பார்சல் பொங்கல் ஊசிப்போயிருந்தது. பில் இருக்கிறது. யாரிடம் சொல்ல?

பதில்: மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம். பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். அந்த எண், வாங்கிய நேரம், பொட்டலத்தின் போட்டோ மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். காலை ஏழு மணிக்கு வாங்கியதை மதியம் அருவியில் குளித்துவிட்டு வந்து பிரித்திருந்தால் மட்டும் ஓட்டல்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.