மீசையும் இல்லை, பொட்டும் இல்லை

கேள்வி: எங்கள் மாடி போர்ஷன் காலி. போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வீடு கேட்டு வந்தார். கிராப்பு, மீசை இல்லை, பொட்டு இல்லை, குரலை வைத்தும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. செருப்பைப் படி ஓரமாகக் கழற்றிவிட்டு, கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று கேட்டார். பத்து மாத அட்வான்ஸுக்கும் சரி என்றார். ஆனாலும் ‘ஆள் சரியில்லையோ’ என்று பட்டது, வேறு பார்ட்டிக்குச் சொல்லியாச்சு என்று அனுப்பிவிட்டேன். மகள் என்னோடு பேசுவதில்லை. நாற்பது வருஷமாக ஆட்களைப் பார்க்கிறேன் சார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தப்பா?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: தப்புதான் அம்மா. மோட்டாரைப் பற்றி முதல் நாளே கேட்கிற குடித்தனக்காரர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஒரு முகத்தைக் கண்டதும் ஆணா பெண்ணா என்று பிரித்துப் போடுவது நம் மூளைக்குப் பழகின வேலை, நடந்ததே நமக்குத் தெரியாது. சில முகங்களில் அது தடுக்கும், தடுக்கினால் ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் நம்முடையது, ஆனால் எதிரே ஒரு முகம் இருக்கிறதே, அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு ‘ஆள் சரியில்லை’ ஆகிவிடுகிறது. 2016இல் ஹெலன் ஓவன், விங்கீல்மன் முதலான உளவியல் ஆய்வாளர்கள் ஆண் முகத்தையும் பெண் முகத்தையும் கம்ப்யூட்டரில் கலந்து, எவ்வளவு லட்சணம் என்று மார்க் போடச் சொன்னார்கள். முதலில் ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டு மார்க் போட்டவர்களுக்குத்தான் கலந்த முகங்கள் பிடிக்காமல் போயின. அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ ஒரு வகையில் பிரிக்கச் சொன்னபோது அந்த வெறுப்பே இல்லை. அது லட்சணத்தைப் பற்றிய சோதனைதான், குணத்தைப் பற்றியது இல்லை. ஆனால் லட்சணமான முகம் என்றால் நல்ல குணத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம் என்பது 1972லேயே சோதித்துப் பார்த்த விஷயம்.

அந்த நாற்பது வருஷ அனுபவம் இருக்கிறதே. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸும் டோடரோவும் 2006இல் காட்டியது இது: முகத்தைப் பார்த்து ‘நம்பலாம், நம்பக்கூடாது’ என்று முடிவு கட்ட நமக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கூட நேரம் கொடுத்தால் முடிவு அவ்வளவாக மாறுவதில்லை, நான் சொன்னதுதான் சரி என்கிற உறுதி மட்டும் ஏறுகிறது!

அப்புறம், பத்து மாத அட்வான்ஸ். தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டம். இதில் யார் குணத்தைப் பற்றிப் பேசுவது என்று எனக்கே குழப்பம். அவர் நம்பர் போனில் இருந்தால் கூப்பிடுங்கள். முன்னே இருந்த ஹவுஸ் ஓனரிடம் விசாரியுங்கள், மாசம் பிறந்தால் வாடகை வந்ததா என்று.

கேள்வி: அப்படியானால் ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பொய்யா?
- வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: கோபம் தெரியும், பயம் தெரியும், ராத்திரி தூங்காதது நன்றாகவே தெரியும். குணம்? அமெரிக்காவில் ஃப்ளோரிடா சிறைகளில் மரண தண்டனை பெற்றவர்கள், ஆயுள் தண்டனை பெற்றவர்கள் போட்டோக்களை, யார் எவர் என்று சொல்லாமல் காட்டி மார்க் போடச் சொன்னார்கள், 2015இல் வந்த ஆய்வு. நம்பும்படி இல்லாத முகம் என்று பேர் வாங்கியவர்களில்தான் மரண தண்டனைக்காரர்கள் அதிகம். பிற்பாடு நிரபராதி என்று விடுதலையானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் அதே கதை.

கேள்வி: நாடகத்தில் ஆண் பெண் வேஷம் கட்டினால் கைதட்டுகிறோம். அதே மாதிரி முகம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் வந்தால் நெளிகிறோமே, ஏன்?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: நாடகத்தில் பிரித்துப் போடுகிற வேலை உங்களுக்கு இல்லை, ஸ்திரீபார்ட் யார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். இதே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் ஆரம்பித்த சுகுண விலாச சபாவில் ரங்கவடிவேலு முதலியார் பெண் வேடத்துக்கென்றே பேர் வாங்கினவர், அவர் குணத்தை யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. திருச்செங்கோட்டில் பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிற அர்த்தநாரீஸ்வரரிடம் போய் ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்றா கேட்கிறோம், கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஷேர் ஆட்டோவில் முன்கூட்டி யாரும் எதுவும் சொல்வதில்லை, நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் நெளியல்.

உங்களுக்குப் பாடம் எடுக்கிற யோக்கியதை எனக்கும் இல்லை. தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் சேத்துப்பட்டில் ஏறி, காலியாக இருந்த ஒரே சீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு முகம் என்பதால் கிண்டி வரை முட்டி வலியோடு நின்றுகொண்டே போனவன் நான். ‘சார், உட்காருங்க’ என்று நகர்ந்து இடம் விட்டு இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.