பள்ளத்து நீரும் பாத்திரம் கழுவிய நீரும்

கேள்வி: சுவையற்ற ஒரு சொற்பொழிவைப் பற்றி ஆங்கிலக் கட்டுரையில் எழுதும்போது 'ஆஸ் டல் ஆஸ் டிஷ்வாட்டர்' என்று குறிப்பிட்டேன். 'டிஷ்வாட்டர்' தவறு, 'டிச்வாட்டர்' என்பதே சரி என்று பேராசிரியர் திருத்தினார். எது சரி? நீருக்கும் சலிப்புக்கும் என்ன தொடர்பு?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டுமே வழக்கில் உள்ளவை, அகராதிகளும் இரண்டையும் ஏற்கின்றன. ஆனால், சாலையோரப் பள்ளத்தில் தேங்கிய நீரைக் குறிக்கும் 'டிச்வாட்டர்' மூத்த வடிவம். பாத்திரம் கழுவிய நீரைக் குறிக்கும் 'டிஷ்வாட்டர்' பின்னர் வந்து சேர்ந்தது. இரு சொற்களும் ஒலியில் மிக நெருங்கியவை. எண்ணெயும் அழுக்கும் கலந்த கழுவுநீரும் பார்வைக்கு மங்கலாகவே இருக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்ததில் வியப்பில்லை. இன்று பிரிட்டனில் பழைய வடிவமும் அமெரிக்காவில் புதிய வடிவமும் மிகுதியாக வழங்குகின்றன. பழைய வடிவத்தைக் காக்க வேண்டும் என்ற உங்கள் பேராசிரியரின் விருப்பம் மதிக்கத்தக்கது. எனினும் நீங்கள் எழுதியதைப் பிழை என்று சொல்வதற்கில்லை.

தொடர்பு என்னவென்று அறிய 'டல்' என்ற சொல்லின் பல பொருள்களையும் பார்க்க வேண்டும். முனை மழுங்கிய கத்தி, மங்கிய நிறம், மந்தமான அறிவு, சுறுசுறுப்பில்லாத சந்தை, மேகம் மூடிய வானம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். பள்ளத்து நீர் ஓடுவதில்லை. கலங்கிக் கிடப்பதால் அதில் வானமும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த இந்த மங்கலே பிற்பாடு பேச்சுக்கும் எழுத்துக்கும் மனிதர்களுக்கும் ஏற்றிச் சொல்லப்பட்டது. சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65இல் தொடராக வெளியிட்ட 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலில், பொம்மைகளுக்கு உடை தைக்கும் ஜென்னி ரென் என்ற பெண், பள்ளத்து நீரைப் போல மந்தமாக இல்லாவிட்டால் அந்த ஆள் பாம்பின் பல்லைவிடக் கூர்மையானவனாக இருந்திருப்பான் என்று ஒருவனைப் பற்றிச் சொல்கிறாள். கூர்மையும் மழுக்கமும் ஒரே வாக்கியத்தில் மோதுவதைக் கவனியுங்கள்.

இதே நீர் எப்போதும் சலிப்புக்கே உவமையாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், செருக்கு மிகுந்த ஒரு பெண்ணைப் பள்ளத்து நீருக்கு ஒப்பிட்டார். அதன் நாற்றம் பிறரை எட்டி நிற்க வைப்பதைப் போல அவளுடைய செருக்கும் எட்டி நிற்க வைத்தது என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். 20ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்ட்டன், பள்ளத்து நீர் உண்மையிலேயே சலிப்பானதுதானா என்று கேட்டு, நுண்ணோக்கியால் அதைப் பார்த்த இயற்கையியலாளர்கள் அதற்குள் கொண்டாட்டம் நிறைந்திருப்பதாகத் தம்மிடம் சொன்னதாக எழுதினார். தேய்ந்த உவமையை உதறிவிடாமல், அதையே கூர்ந்து பார்த்துப் புதுப்பிக்கும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

நம் இளைஞர்கள் சொல்லும் 'மொக்கை'யும் இதே வழியில் வந்ததுதான். முனை மழுங்கிய பென்சிலையும் கத்தியையும் குறித்த சொல் இன்று திரைப்படத்துக்கும் பேச்சுக்கும் ஆகிவந்திருக்கிறது. 'அறுவை', 'பிளேடு' ஆகியவற்றிலோ சலிப்பூட்டுபவர் நம்மை அறுக்கும் கூரிய கருவியாகிறார்.

கேள்வி: 'மோர் டல்லர்' என்று எழுதுவது சரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: இன்றைய ஆங்கிலத்தில் சரியன்று. 'டல்' ஓரசைச் சொல்லாதலால் 'டல்லர்', 'டல்லஸ்ட்' என்றே மாறும். 'போரிங்' என்பதற்குத்தான் 'மோர்' முன்னால் வரும். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரட்டை ஒப்பீடு இயல்பாக வழங்கியது. அதைச் சான்று காட்டி இன்று எழுத முடியாது. 'ஆஸ் டல் ஆஸ்' என்பது போல இரண்டைச் சமன் காட்டும் தொடரில் முதல் 'ஆஸ்' பேச்சில் உதிர்வதுண்டு. முறையான எழுத்தில் அதை வைத்துக்கொள்வது நல்லது. 'ஐ ஆம் போரிங்' என்று எழுதினால் நீங்களே பிறருக்குச் சலிப்பூட்டுபவர் என்று பொருளாகிவிடும். உங்களுக்குச் சலிப்பு ஏற்பட்டதைச் சொல்ல 'போர்ட்' என்றே எழுத வேண்டும்.

கேள்வி: என் மாணவர்கள் எந்தச் சலிப்பைப் பற்றி எழுதினாலும் 'பெயின்ட் காய்வதைப் பார்ப்பது போல' என்றே எழுதுகிறார்கள். இத்தகைய தொடர்களை ஊக்குவிக்கலாமா?
– ஆங்கில ஆசிரியர், மதுரை

பதில்: தொடரைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுங்கள்; எழுதுவதற்கு அதையே சார்ந்திருக்க விடாதீர்கள். முதன்முதலில் சொன்னவருக்கு, ஈரச் சுவரின் முன்னால் எதுவும் நிகழாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண்ணில் தெரிந்திருப்பார். ஆயிரம் முறை கேட்டுவிட்ட வாசகருக்குச் சுவரும் தெரிவதில்லை, ஆளும் தெரிவதில்லை. அச்சில் அடிக்கடி கண்ட உவமையை ஒருபோதும் பயன்படுத்தாதே என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் விதித்தது இதனால்தான். சலிப்பைச் சொல்ல வந்த உவமையே சலிப்பூட்டினால் வாக்கியம் செத்துவிடுகிறது.

நல்ல உவமை எப்படி இருக்கும் என்று காட்ட ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற்பகுதியிலிருந்து ஒரு காட்சியை வகுப்பில் படியுங்கள். வேல்ஸ் நாட்டுத் தலைவரான கிளெண்டோவர், தமக்கு ஏவல் செய்யும் பேய்களின் பெயர்களை முந்தைய இரவு ஒன்பது மணி நேரமாவது அடுக்கிக்கொண்டிருந்தார் என்று இளம் வீரன் ஹாட்ஸ்பர் குமுறுகிறான். அந்த மனிதர் களைத்த குதிரையைப் போல, ஓயாமல் வசைபாடும் மனைவியைப் போலச் சலிப்பூட்டுபவர், புகை சூழ்ந்த வீட்டைவிட மோசமானவர் என்கிறான். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு அருமையான மாளிகையில் விருந்துண்பதைவிட, எங்கோ தொலைவில் ஒரு காற்றாலைக்குள் பாலாடைக்கட்டியும் பூண்டும் தின்று வாழ்வேன் என்றும் சொல்கிறான். குதிரை நகர மறுக்கிறது, வசை காதைத் துளைக்கிறது, புகை கண்ணை எரிக்கிறது. சலிப்பு இங்கே உடம்பில் படுகிறது. அதோடு, இவை அனைத்தும் ஹாட்ஸ்பர் புழங்கும் உலகத்துப் பொருள்கள். குதிரையின் களைப்பு எத்தகையது என்று போர்வீரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாணவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதுவே: உனக்குத் தெரிந்த உலகில், நேரம் நகராமல் நின்ற இடம் எது? வராத பேருந்துக்காக நின்ற நிறுத்தமா, மின்விசிறி ஓடாத மதிய வகுப்பா, வரிசை எண் அழைக்கப்படாத வங்கியா? அந்த இடத்தில் கண்ட ஒரு பொருளை எடுத்து எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் பொருட்படுத்தாதீர்கள்; இலக்கணத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அதே காட்சியில் அடுத்து வருவதையும் விட்டுவிடாதீர்கள். உடனிருக்கும் மார்ட்டிமர், கிளெண்டோவர் சிறந்த பண்பாளர், மிகவும் படித்தவர், சிங்கத்தைப் போன்ற வீரர் என்று மறுத்துப் பேசுகிறான். அதைக் கேட்டபின் ஹாட்ஸ்பரின் உவமைகளைத் திரும்பப் படித்தால், அவை கிளெண்டோவரைக் காட்டுவதைவிட, ஓர் இரவு பொறுமையாக உட்கார முடியாத ஹாட்ஸ்பரையே நமக்கு அதிகமாகக் காட்டிவிடுகின்றன.