வேலையை விடாமல் பட்டம் படிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 41. டர்பனில் துணிக்கடையில் வேலை செய்கிறேன், இரண்டு பிள்ளைகள். பள்ளியோடு நின்றுபோன எனக்கு வரலாறும் ஆங்கில இலக்கியமும் படிக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் தீரவில்லை. வேலையை விடாமல் கலைப் பட்டம் பெற இயலுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இயலும், சகோதரி. பிரிட்டோரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், அதாவது யுனிசா, 1946 முதல் தொலைநிலையில் கற்பித்து வருகிறது. மண்டேலா அவர்கள் சிறையில் இருந்தபடியே 1989-இல் சட்டப் பட்டத்தை அங்குதான் பெற்றார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

சேருமுன் நேரத்தைக் கணக்கிடுங்கள். கலைப் பட்டத்துக்கு 360 கிரெடிட்டுகள் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 10 மணி நேர உழைப்பு. ஆகவே 12 கிரெடிட் கொண்ட ஒரு மாட்யூலுக்கு, அதாவது ஒரு பாடப்பகுதிக்கு, 120 மணி நேரம் தேவைப்படும். அதை 15 வாரங்களில் முடிப்பதானால் வாரம் 8 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதால், கடை வேலையும் வீட்டு வேலையும் சுமக்கும் நீங்கள் முதல் பருவத்தில் இரண்டு மாட்யூல்களுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றே வற்புறுத்துவேன். மூன்றாண்டுப் படிப்பு இதனால் நீளும். அதில் குறைவொன்றும் இல்லை.

உங்கள் பள்ளி இறுதிச் சான்றிதழ் பட்டப்படிப்பில் சேரும் தகுதியைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தராவிட்டால், உயர்சான்றிதழ்ப் படிப்பில் தொடங்கி, அதை முடித்துப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.