கச்சேரிக்குப் போகிற பையனுக்கு ஒரு கணக்கு நோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

விருதுநகரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். ஒரு கச்சேரிக்கு 2,000 ரூபாய் கொண்டுவருகிறான். இப்போது படிப்பை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் இறங்கப் போகிறேன் என்கிறான். அவன் அப்பா அவனோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: "இதெல்லாம் ஒரு வேலையா சார்? நாளைக்கு யார் பொண்ணு குடுப்பாங்க?"

பெண் கொடுக்கும் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். கல்லூரி நாட்களில் நானே நான்கு வருடம் ஒரு குழுவில் ரிதம் பேட், அதாவது தாளம் தட்டுகிற எலக்ட்ரானிக் பலகை, வாசித்தவன். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நான் ஏறாத கோவில் மேடை குறைவு.

வேலைதான் அம்மா. ஆனால் இதை பாங்க் வேலையோடு வைத்துப் பார்க்காதீர்கள், நல்ல கொத்தனார் வேலையோடு வைத்துப் பாருங்கள். தொழில் தெரிந்தவனுக்கு நாள் சம்பளம். கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. மழை பெய்தால் சுத்தமாக இல்லை. பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது. கைவேலை சுத்தமாக இருந்தால் வேலை தேடி வரும். கொத்தனாருக்கு யாரும் பெண் கொடுக்காமல் இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தம்பி உங்களிடம் சில பேரை உதாரணம் காட்டியிருப்பான். இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர், பிறகு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைக் கச்சேரிகளில் வாசித்தவர். ஏ.ஆர். ரஹ்மானும் சின்ன வயதில் நண்பர்களோடு குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான். எல்லாம் உண்மை. ஆனால் அதே காலத்தில் மேடையேறிய மற்ற எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் வாசித்தார்கள், வாடகை கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், சிலர் முடியாமல் விட்டார்கள். தம்பி சேரப் போவது அந்த மற்றவர்கள் வரிசையில். அங்கே எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

முதலில் பணம். ஒரு கச்சேரிக்கு 2,000 என்றதும் மாதம் இருபது நாள் போனால் 40,000 என்று பையன்கள் கணக்குப் போடுவார்கள். நானும் போட்டேன். இந்தத் தொழிலில் மாதக் கணக்கு செல்லாது, வருடக் கணக்குதான் செல்லும். தை பிறந்தால் கல்யாண வரவேற்பு. மாசி, பங்குனியில் கோவில் கோவிலாகப் போகலாம். உங்கள் ஊர் பங்குனிப் பொங்கல் சமயத்தில் குழுக்காரர்களுக்குத் தூங்க நேரம் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். சித்திரை, வைகாசியும் அப்படித்தான். ஆடியில் கல்யாணம் நின்றுவிடும், ஆனால் அம்மன் கோவில்கள் கூப்பிடும். இருக்கன்குடி கடைசி வெள்ளியை ஒட்டி அந்தப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை மேடை பார்த்திருப்பீர்கள். ஆவணியில் மறுபடி முகூர்த்தம். அப்புறம் புரட்டாசி வரும். அங்கிருந்து ஐப்பசி, கார்த்திகை மழை. திறந்தவெளி மேடையில் மழை என்றால் கச்சேரி மட்டுமா போகும், கீபோர்டும் சேர்ந்து போகும். மார்கழியில் கிறிஸ்துமஸையும் டிசம்பர் 31 இரவையும் தவிர பெரிதாக ஒன்றும் இருக்காது. தேர்தல் அறிவித்துவிட்டால் போலீஸ் அனுமதி இழுத்தடிக்கும். 2020 எப்படிப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கில் முதலில் மூடியது மேடை, கடைசியில் திறந்தவற்றிலும் அது ஒன்று.

ஆக, ஒரு பேச்சுக்கு வருடம் 80 கச்சேரி என்று வையுங்கள். 2,000 வீதம் 1,60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,000 சொச்சம். இதில் பெட்ரோல், ஸ்டாண்டு, கேபிள், பழுது பார்க்கிற செலவு எல்லாம் அவனுடையது. சில நிகழ்ச்சிகளில் பணம் பாக்கி நிற்கும். அட்வான்ஸ் வாங்காமல் போன ஒரு கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைக் கையைக் காட்ட, பெண் வீட்டார் மண்டபத்துக்காரரைக் காட்ட, எங்கள் ஏழு பேருக்கும் சாப்பாடு மட்டும்தான் கிடைத்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பதிமூவாயிரத்தை வைத்து வீட்டில் இருந்தபடி காலம் தள்ளலாம். குடும்பம் நடத்த முடியாது. அப்படியானால் நடத்துகிறவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? நான் பார்த்தவரை, நிலைத்து நின்ற எந்தக் கலைஞனும் மேடையை மட்டும் நம்பவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை பிள்ளைகளுக்கு கீபோர்டு வகுப்பு, வெள்ளி, சனி, ஞாயிறு மேடை, நடுவில் யாருக்காவது டிராக், அதாவது பாட்டின் பின்னணி இசையை முன்கூட்டியே பதிவு செய்தது, போட்டுக் கொடுக்கிற வேலை. சோறு போடுவது வகுப்பு. மேடை விளம்பரம் மாதிரி, அங்கே பார்த்துத்தான் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புவார்கள்.

இனி திறமை. தம்பி நன்றாக வாசிக்கிறான் என்று ஊரே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இந்தத் தொழிலில் 'நன்றாக' என்பதற்கு வேறு அர்த்தம். கேசட்டில் கேட்டது மாதிரியே மேடையிலும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முதல் சரணத்துக்கு முன் வருகிற இடையிசையில் வயலின் எங்கே நிற்கிறது, புல்லாங்குழல் எங்கே எடுக்கிறது என்று கூட்டத்துக்கு மனப்பாடம். கீபோர்டுக்காரன் தன் கற்பனையை அங்கே காட்டினால் பின்வரிசையில் இருக்கிற பெரியவர் முகம் சுளிப்பார். சொந்தமாக எதையும் சேர்க்காமல் இருப்பதும் ஒரு திறமை. சில பையன்களுக்கு ஒரு வருடத்தில் அது கசந்துவிடும். சிலருக்கு அதிலேயே ஒரு ருசி வந்துவிடும், ஒரே ஒரு நாதத்துக்காக இரவெல்லாம் கீபோர்டைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மகன் எந்த வகை என்பது எனக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம். அவனிடமே கேளுங்கள்.

இன்னொன்று, கட்டை, அதாவது சுருதி. பாடகி ஐந்து கட்டையில் பாடுவார், அடுத்த பாட்டுக்கு வருகிற அண்ணனுக்கு ஒன்றரைக் கட்டைதான் எட்டும். சிலருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மேடையில் ஏறிய பிறகுதான் அரைக் கட்டை இறக்கச் சொல்வார்கள். கட்டையை மாற்றிக் கொடுக்கிற டிரான்ஸ்போஸ் பொத்தானை மட்டும் நம்புகிறவன் என்றைக்காவது அவசரத்தில் தவறாக அழுத்துவான், குழுவே ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் போகும். எந்தக் கட்டையிலும் கை தானாகப் போக வேண்டும். அதோடு 1960களின் பாட்டிலிருந்து போன வாரம் வந்த பாட்டு வரை தெரிய வேண்டும். விரும்பிய பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு வரும். தெரியாது என்று இரண்டு முறை சொன்னால் விழாக் கமிட்டித் தலைவர் நேராக வந்து நிற்பார்.

இவ்வளவும் இருந்தும் கூப்பிடப்படாதவர்கள் உண்டு. ஏழு மணிக் கச்சேரிக்கு நாலு மணிக்கே வந்து சவுண்ட் செக் முடிக்கிறவன், பெட்டி தூக்கக் கை கொடுக்கிறவன், வேனில் சண்டை போடாதவன், இவர்களுக்குத்தான் அடுத்த போன் வரும். அதனால் தம்பியிடம் நான் கேட்கப் போவது ஒரே கேள்வி: உன் குழுத் தலைவரைத் தவிர வேறு எத்தனை பேர் உன்னைக் கூப்பிட்டார்கள், அதில் எத்தனை பேர் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள்? கைதட்டலை விட அந்த எண்ணிக்கை நம்பகமானது.

தொழில் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. எங்கள் காலத்தில் மேடையில் பன்னிரண்டு பேர் நின்ற குழுக்கள் இருந்தன. இன்று இரண்டு பாடகர், ஒரு லேப்டாப், பாட்டில்லாத டிராக், முடிந்தது கச்சேரி. வரவேற்புக்கு டி.ஜே. போதும் என்கிறார்கள், அல்லது கேரளத்துச் செண்டை மேளம். நேரடியாக வாசிக்கிற குழுக்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் ஆள் குறைந்துவிட்டது. குறைகிற இடத்தில் யார் மிஞ்சுவார்கள்? காதில் தாளக் கணக்குக்கான கிளிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே டிராக்கோடு சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவன், அந்த டிராக்கைத் தானே செய்யத் தெரிந்தவன், மிக்சரில் நின்று சவுண்டும் பார்க்கத் தெரிந்தவன். புது கீபோர்டுக்குக் கடன் வாங்கித் தரச் சொன்னால், முதலில் ஒரு கணினியும் டிராக் செய்கிற பழக்கமும் வரட்டும் என்று சொல்லுங்கள். கீபோர்டுக்குக் கடன் வேண்டவே வேண்டாம். நல்ல நிலையில் பழையது கிடைக்கும்.

பிறர் பாட்டை வாசிப்பது சட்டப்படி சரியா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 52ஆவது பிரிவு, உண்மையான மதச் சடங்குகளுக்கும், கல்யாண ஊர்வலம் உட்பட கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டு நடத்துகிற கச்சேரி, ஓட்டல் நிகழ்ச்சி என்றால் உரிமம் வாங்க வேண்டும். வழக்கமாக அது நிகழ்ச்சி நடத்துகிறவர் பார்க்க வேண்டிய வேலை. 2017இல் இளையராஜா தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பி. தரப்புக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார் என்பது நினைவிருக்கும். தம்பிக்கு நேரடியாக உறைக்கப் போவது யூடியூப்தான். கச்சேரி வீடியோவை ஏற்றினால், பாட்டின் உரிமையாளர் உரிமை கோரும்போது விளம்பரப் பணம் அவருக்குப் போகும். அந்த வருமானத்தை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

உடம்பைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் பையனும் வீட்டில் சொல்ல மாட்டான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழில் சுகாதார வல்லுநர்கள் வைத்திருக்கிற அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது முதல் மூன்று பாட்டிலேயே முடிந்துபோகும். எனக்கு இடது காதில் இன்றைக்கும் இரவில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கிறது; ரிதம் பேட்டின் மானிட்டர் ஸ்பீக்கர் அந்தப் பக்கம்தான் இருந்தது. இசைக் கலைஞர்களுக்கென்றே காதடைப்பான்கள் விற்கின்றன. அவன் பிறந்த நாளைக்குச் சட்டை வேண்டாம், அதை வாங்கிக் கொடுங்கள்.

காதை விட எனக்குப் பயம் ரோடுதான். ஒலிபெருக்கி விதிப்படி இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், திருவிழா நாட்களில் சில சமயம் பன்னிரண்டு வரை அனுமதி கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் கேபிள் சுருட்டி, வேன் ஏற்றி, வழியில் புரோட்டா சாப்பிட்டு ஊர் வந்து சேர இரண்டு, மூன்று மணி. அந்த நேரத்தில் வேனை விட்டு இறங்கி பைக்கில் வீட்டுக்கு வருகிறானே, அது வேண்டாம். அப்பா பேசாவிட்டாலும் பரவாயில்லை, போய்க் கூட்டிக்கொண்டு வரட்டும். வண்டியில் வருகிற வழியில் பேச்சு வந்தாலும் வரலாம். குடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதாமல் விட்டது எனக்குப் புரிந்தது. கச்சேரி முடிந்ததும் பாட்டில் திறக்கிற குழுக்கள் உண்டு, திறக்காத குழுக்களும் உண்டு. எந்தக் குழு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், விசாரித்தால் சொல்வார்கள்.

படிப்புக்கு வருகிறேன். பி.காமை விட வேண்டாம். இன்னும் ஒன்றேகால் வருடம்தான். கச்சேரி பெரும்பாலும் வார இறுதியில், கல்லூரி வார நாட்களில். இரண்டும் மோதுகிற நாட்கள் அவன் சொல்கிற அளவுக்கு இருக்காது. பி.காம். வேறு விதத்திலும் உதவும். கம்பெனி நிகழ்ச்சிகளில் சில சமயம் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்பது பல கலைஞர்களுக்குத் தெரியாமல் அந்தப் பணம் அப்படியே போகிறது. கணக்கு தெரிந்தவன் நாளைக்குக் குழுவை நடத்துவான். நடத்துகிறவனுக்குத்தான் கொஞ்சம் மிஞ்சும்.

அதோடு டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துகிற கிரேடு தேர்வுகளை எழுதட்டும். எட்டு கிரேடு உண்டு. சர்ச் கொயரில் வாசித்துப் பழகியவன் என்கிறீர்கள், அப்படியானால் காது ஏற்கெனவே தயார். தாளைப் பார்த்து வாசிப்பதுதான் பாக்கி. ஐந்தாவது கிரேடு தாண்டினால் சின்னப் பிள்ளைகளுக்குத் தைரியமாக வகுப்பு எடுக்கலாம். எட்டு முடித்தவனைப் பள்ளிக்கூடங்கள் இசை ஆசிரியராகக் கேட்க வாய்ப்புண்டு. வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலில் வாசிக்கிற வேலையை யாராவது காட்டி ஆசை மூட்டினால், அங்கேயும் முதலில் கேட்பது தாளைப் பார்த்து உடனே வாசிக்க வருமா என்பதைத்தான். டிகிரி முடிந்த பிறகும் இதே ஆர்வம் இருந்தால் சென்னையில் ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களைப் பற்றிப் பேசலாம். செலவு அதிகம். இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

கடைசியாக நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வரி: தேதி, ஊர், யார் கூப்பிட்டது, பேசிய தொகை, கைக்கு வந்தது, செலவு, வீட்டுக்கு வந்த நேரம். கச்சேரி இல்லாத மாதத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, 'இல்லை' என்று எழுத வேண்டும். ஒரு முழு வருடம், ஒரு பங்குனியிலிருந்து அடுத்த பங்குனி வரை. அதை அவன் எழுதட்டும், நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். எழுதச் சொன்னது நான் என்று சொல்லுங்கள், கோபம் என் மேல் வரட்டும்.

அதற்குள் ஒரு தடவை நீங்களும் அவன் அப்பாவும் அவன் வாசிக்கிற மேடைக்குப் போங்கள். ஏழு மணிக்குப் போகாதீர்கள், நாலு மணிக்கே போய் ஒரு ஓரமாக நில்லுங்கள். நோட்டு நிரம்பியதும் மூன்று பேருமாக மதுரைக்கு வாருங்கள். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவனுக்குக் கச்சேரி இருக்கும்.