ஒரு நிறுவனத்தின் அலட்சியத்தால் ஆட்கள் செத்தால், அந்த நிறுவனத்தின் மீதே குற்ற வழக்குப் போட முடியுமா?

போடலாம். கம்பெனியை ஜெயிலில் அடைக்க முடியாதே என்ற வாதத்தை நம் உச்ச நீதிமன்றம் 2005இலேயே ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில் தள்ளிவிட்டது. சிறைத்தண்டனை கட்டாயமான குற்றத்திலும் அபராதம் விதிக்கலாம் என்றது. ஆனால் வழக்கு நிற்பதுதான் கஷ்டம். ஏன் என்று புரிய பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன்.

1987 மார்ச் 6. பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து டோவருக்குக் கிளம்பிய 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற கப்பல், கார்களை ஏற்றும் முன்கதவு திறந்தபடியே கடலுக்குள் போய்க் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூடியாயிற்றா என்று பார்க்க வேண்டிய அதிகாரி, கிளம்பும் நேரத்தில் மேலே கேப்டனுடனும் இருந்தாக வேண்டும். கேப்டன் நிற்கும் இடத்திலிருந்து கதவு தெரியாது. கதவின் நிலையைக் காட்ட ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். அதை நிர்வாகத்தினர் கிண்டல் செய்து குறிப்பெழுதினார்கள். கம்பெனி மேலிருந்து கீழ்வரை அசட்டையாக இருந்தது என்று விசாரணை அறிக்கையே சொன்னது.

ஆனாலும் 1990இல் கம்பெனி விடுதலையானது. உச்சியில் இருக்கும் ஏதாவது ஒருவர் மீது முழுக்குற்றமும் நிரூபணமானால்தான் கம்பெனியும் குற்றவாளி என்பது அன்றைய சட்டம். தப்பைப் பல பேருக்குப் பங்கு போட்டுவிட்டால் யாரும் குற்றவாளி இல்லை! இது எனக்கு இன்றும் ஆறவில்லை. 1994இல் முதன்முதலாகச் சிக்கியதும், நாலு பிள்ளைகள் இறந்த துடுப்புப் படகு விபத்துக்காக, முதலாளியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட ஒரு சின்னக் கம்பெனிதான்.

2007இல் புதுச்சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது மேல்நிர்வாகம் மொத்தமாக வேலையை எப்படி நடத்தியது என்று பார்க்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சட்டத்தில் இயக்குநர் யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார். அபராதம்தான் முக்கியத் தண்டனை.

நம்மிடம் அப்படித் தனிச்சட்டமே இல்லை. போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்று குறைத்தது. 2010இல் தீர்ப்பு வந்தபோது யூனியன் கார்பைடு இந்தியாவுக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய் சொச்சம். அமெரிக்கத் தாய்க் கம்பெனி அந்த வழக்கில் கடைசிவரை ஆஜராகவே இல்லை.

உங்கள் வீட்டில் நடந்த ஒன்றுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், முதலில் எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள். ஆபரேட்டர், சூப்பர்வைசர் பெயர் மட்டும் இருந்தால், நிர்வாகத்தின் பங்கையும் விசாரிக்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். விபத்துக்கு முன்பே யாராவது ஆபத்தைச் சொல்லி எழுதிய கடிதம், மெயில், பாதுகாப்புக் கூட்டக் குறிப்பு இருந்தால் அவற்றைக் கைப்பற்றும்படி அதே மனுவில் கேளுங்கள். தாமதிக்காதீர்கள், முதலில் காணாமல் போவது அவைதான்.